ஒட்டுச்சட்டை போட்ட என் தம்பி

என் தம்பி ஆடி மாதம் போனான். இன்னும் வரவில்லை. நாற்பது வயது தாண்டியவன், சின்னப் பிள்ளை இல்லை. ஆனால் மாத்திரையைக் கையில் கொடுத்து, தண்ணீரும் கொடுத்து, விழுங்குகிறவரைக்கும் பக்கத்தில் நிற்க வேண்டும். மாத்திரை நின்றால் நடக்க ஆரம்பிப்பான். நடை நிற்காது. சோறு இறங்காது. முன்பு ஒரு தடவை அப்படி நடந்து கயத்தாறு தாண்டி ரோட்டோரம் விழுந்து கிடந்தான். யாரோ புண்ணியவான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பிழைத்தான். இந்தத் தடவை அவனைத் தூக்கிவிட ஆள் இருக்குமா என்று தெரியவில்லை. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. எட்டாவதோடு நின்றவள். வந்தவரை எழுதுகிறேன்.

திருநெல்வேலி டவுனில், ரத வீதிக்குப் பின்னால் உள்ள தெரு எங்களுடையது. மூடிக் கிடக்கும் ஒரு கடை வாசலில் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். எதிரே நீள மதில். மதிலை ஒட்டி டீக்கடை. கடைக்காரரை எல்லாரும் அண்ணாச்சி என்பார்கள். நானும் அப்படித்தான். மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு அதில் தம்பியை உட்கார வைத்திருப்பேன். கண்பார்வையில் இருப்பான்.

தெருவில் எல்லாருக்கும் துணிக் கிறுக்கு. பெண்கள் போனில் படத்தைக் கொண்டுவந்து, முதுகில் ஜன்னல் வை, குஞ்சலம் தொங்கவிடு என்பார்கள். பையன்களுக்குப் பேன்ட் காலில் ஒட்ட வேண்டும். ஒரு தாய்க்காரி மகனுடைய ஜீன்ஸைக் கொண்டுவந்தாள். ரெண்டு முட்டியும் கிழிந்திருக்கிறது, தைத்துக் கொடு என்றாள். தைத்தேன். அடுத்த நாள் மகன் வந்தான்.

"யக்கா, கிழிச்சுத் தாங்க."

"உங்கம்மதானலே தைக்கச் சொன்னா?"

"அவளுக்கு என்ன தெரியும். கிழிஞ்சாத்தான் வெல."

கிழித்துக் கொடுத்தேன். அதற்குத் தனிக் கூலி கேட்டால் தரமாட்டேன் என்கிறான்.

பிளவுஸ் வெட்டினால் துண்டு மிஞ்சும். பட்டு, பருத்தி, ஜிகினா, கண்ணாடி வைத்தது எல்லாம் மிஞ்சும். குப்பையில் போட்டால் தம்பி பொறுக்கிக்கொண்டு வருவான். சட்டைப் பையில் திணிப்பான். பை கொள்ளாமல் இடுப்பில் செருகுவான். ஒருநாள் எல்லாவற்றையும் பிடுங்கி, ஒன்றோடொன்று சேர்த்து, முட்டிக்குக் கீழே வரும்படி ஒரு சட்டையாகத் தைத்துக் கொடுத்தேன். அதற்கப்புறம் வேறு சட்டை போடமாட்டான். கிழிந்த இடத்தில் புதுத் துண்டு வைப்பேன். இந்தத் தெருவில் எவள் எந்தக் கல்யாணத்துக்கு என்ன பிளவுஸ் போட்டாள் என்று அவன் முதுகைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

"யக்கா, என் நிச்சயத்துக்குத் தச்சது உங்க தம்பி தோள்ல இருக்கு" என்று ஒருத்தி காட்டினாள்.

"இருக்கட்டும். ஒம் புருசனக் காட்டிலும் பத்திரமா வச்சிருப்பாவ" என்றாள் கூட வந்தவள்.

தம்பியும் சிரித்தான். எதற்கென்று தெரிந்து சிரித்தானா என்று சொல்ல முடியாது.

ஆனித் தேருக்கு முன்னால் ஊரை அழகாக்குகிறோம் என்று மதிலுக்கு வெள்ளை அடித்தார்கள். அதுவரை காதுகுத்துப் போஸ்டரும் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கிடந்த சுவர். கீழே ஒண்ணுக்கு நாற்றம். படம் வரைய வெளியூர்ப் பிள்ளைகள் வந்தார்கள். அதில் ஒரு பெண்ணுக்குத் தலையில் ஒரு பக்கம் முடி, ஒரு பக்கம் மொட்டை.

அண்ணாச்சி விடவில்லை. "ஏம்மா, முடி வெட்டுதவன் பாதியில எந்திரிச்சுப் போயிட்டானா?"

"இல்ல சார், இதுதான் ஸ்டைல்."

"சரி. அப்ப டீயும் அர கிளாஸ் போதும்லா."

அந்தப் பிள்ளைகள் சுவரில் கூலிங் கிளாஸ் போட்ட பசுமாட்டை வரைந்தார்கள். ஆட்டோவுக்கு மீன் வால் வைத்தார்கள். அல்வாப் பொட்டலத்துக்கு இறக்கை வைத்துப் பறக்கவிட்டார்கள். தெருவே நின்று பார்த்தது. கடைசியில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. பாதி முடிக்காரப் பெண் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரையலாமா அக்கா என்று என்னிடம் கேட்டாள். வரைந்துகொள் என்றேன்.

ரெண்டு ஆள் உயரத்துக்கு வரைந்தாள். முக்காலியில் உட்கார்ந்து, கையில் டீ கிளாஸோடு, ஒட்டுச்சட்டையோடு, அப்படியே என் தம்பி. தலைக்குப் பின்னால் மஞ்சளாகப் பெரிய வட்டம்.

"அது என்னத்துக்கு வட்டம்?"

"சூரியன்க்கா. நீலத்துல மஞ்சள் வச்சா எடுப்பா இருக்கும்."

தம்பி சுவருக்குப் பக்கத்தில் போனான். படத்தையும் தன் சட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். "இங்கன ஒரு பச்ச இருக்கு" என்று தோளைக் காட்டினான். அவள் அந்தப் பச்சையையும் வைத்தாள். அன்றைக்கு ராத்திரி அவன் நன்றாகச் சாப்பிட்டான்.

தேருக்கு வந்த கூட்டம் அந்தச் சுவரைப் பார்த்தது. முதலில் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தார்கள். பிறகு ஒரு கிராமத்துக் குடும்பம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது. தகப்பன் பிள்ளையைத் தூக்கி, படத்தின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றவைத்தான். நான் சிரித்துவிட்டேன். அடுத்த வாரம் ஒரு ஆட்டோக்காரருக்குத் திருட்டுப்போன வண்டி திரும்பக் கிடைத்தது. கிடைத்த அன்று காலையில் இந்தச் சுவரைத்தான் தாண்டிப் போனாராம். சுவரில் ஆணி அடித்து மாலை போட்டார். தம்பி படத்தை ஸ்டிக்கராக அடித்து வண்டிக்குப் பின்னால் ஒட்டினார். அவரைப் பார்த்து மற்ற ஆட்டோக்களும் ஒட்டின. ஒட்டுச்சட்டைச் சாமி என்று பேர் ஆகிவிட்டது.

படத்தில் இருக்கிறவர் எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தால் சும்மா விடுவார்களா. கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். ஒருத்தி மகளுக்கு எப்போது கல்யாணம் என்றாள். தம்பி டீயைக் கீழே வைத்துவிட்டு, "சூடு" என்றான். அப்படியானால் சித்திரையில் என்று அவளே எடுத்துக்கொண்டாள்.

"யம்மா, இவன் சாமி இல்ல. என் தம்பி. மனசு சரியில்லாதவன். மாத்திர சாப்பிடுதான்" என்றேன்.

"அப்படித்தான் சொல்லணும்னு உங்ககிட்டச் சொல்லியிருப்பாவ" என்று என்னையும் சேர்த்துக் கும்பிட்டாள்.

அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கடையில் கூட்டம் கூடியிருந்தது அவருக்கு. ஆனாலும் அவர் சொன்னது பொய் இல்லை. "ஒனக்கு என்னம்மா நட்டம்? நேத்து வர ஊர்க்காரன் இவனப் பைத்தியம்னான். இன்னைக்குக் கையெடுத்துக் கும்பிடுதான். கல்லக் கொண்டு எறியாம இருக்கான்லா. பேசாம பைய இரு."

சின்ன வயதில் அவன்மேல் கல் விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆடி வெள்ளிக்குக் கூட்டம் அதிகம். ஒரு பெண்ணுக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். வாயில் குண்டூசி. திரும்பிப் பார்த்தால் ஒருவர் தம்பி காலில் பாலை ஊற்றுகிறார். அவனுக்குக் கால் நனைந்தால் ஆகாது. உதறினான். பின்னால் நின்ற இன்னொருத்தி சின்னக் கத்திரியால் அவன் சட்டையில் ஒரு துண்டை வெட்டினாள், வீட்டில் வைத்துக் கும்பிட. அதைப் பார்த்து மற்றவர்களும் சட்டையைப் பிடித்தார்கள். அவன் கத்தினான். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஊசியைத் துப்பிவிட்டு ஓடினேன். அதற்குள் அவன் எழுந்துவிட்டான். கூட்டம் ரெண்டாகப் பிரிந்து வழிவிட்டது. எல்லாரும் கை கூப்பி நின்றார்கள். ஒருத்தரும் பிடிக்கவில்லை. அவன் போன பிறகு கூட்டம் மூடிக்கொண்டது. என்னால் அதைத் தாண்ட முடியவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் குறுக்குத்துறை, சந்திப்பு, பாலத்தடி எல்லாம் தேடினேன். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். போட்டோ கேட்டார்கள். ரேஷன் கார்டைக் கொடுத்தேன், அதில் இருப்பது பழைய முகம். போனில் அந்தச் சுவர்ப் படத்தைக் காட்டினேன்.

ஏட்டையா உற்றுப் பார்த்தார். "இது சாமில்லா?"

"என் தம்பிய்யா."

"எங்க வீட்டுலயும் போயி கும்பிட்டுட்டு வந்தாவளே." புகாரை எழுதிக்கொண்டார். முழுசாக எழுதினார், குறை சொல்ல முடியாது. எழுதி முடித்துவிட்டு, "கவலப்படாதீங்க. அவுக நெனச்சா வருவாவ" என்றார்.

அதற்கடுத்த நாட்களில் எனக்குத் தையல் ஓடவில்லை. கையில் துணி இருக்கும், கண் தெருவில் இருக்கும். ஒருநாள் சந்திப்பிள்ளையார் முக்கில் தம்பி முகம் போனது. ஓடினேன். செருப்பு அறுந்தது. கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன். சிக்னலில் எட்டிப் பிடித்தபோது அது ஆட்டோவின் பின்புறம். ஸ்டிக்கர். டிரைவர் திரும்பிப் பார்த்து, "எங்க போணும்க்கா?" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் சுவரைப் பார்த்தேன். அன்றைக்கு யாரோ ரோஜா மாலை போட்டிருந்தார்கள், நீளமாக. கீழே ஊதுபத்தி. எங்கள் பக்கம் மனிதன் படத்துக்கு எப்போது மாலை போடுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். நான் அதைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தேன். ஊதுபத்தியை மிதித்தேன். கும்பிட நின்ற ஒருத்தி என் கையைப் பிடித்தாள்.

"சாமிக்குப் போட்ட மாலையப் பறிக்கியே, நீ நல்லாயிருப்பியா?"

"அவன் உசுரோட இருக்கான்."

"சாமி எப்பவும் உசுரோடதான் இருப்பாவ."

அவளிடம் என்ன பேச. வீட்டுக்கு வந்து மாத்திரை அட்டையை எடுத்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடி அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது.

அமாவாசை கழிந்த மறுநாள் அண்ணாச்சி ஓடி வந்தார். ஏரலில் இருந்து வந்த ஒரு பால்காரர் சொன்னாராம், அங்கே ஆற்றுப் பக்கத்து டீக்கடையில் சாமி காட்சி கொடுத்தார் என்று. பஸ் ஏறினேன். பையில் மாத்திரை, மாற்று வேட்டி.

ஏரல் கடைக்காரருக்கு முகமெல்லாம் சந்தோஷம். "ஆமாம்மா. அமாவாசக் கூட்டத்துல எத்தன கட இருக்கு, எங் கடைக்குத்தான் வந்தாவ. ரெண்டு வட கொடுத்தேன். ஒண்ணு சாப்பிட்டாவ. கால்ல விழுந்து கும்பிட்டேன்."

"கால் எப்படி இருந்துது?"

"வெடிச்சு ரத்தமா இருந்துது. அவுகளுக்கு அதெல்லாம் தெரியுமா."

"எதாவது சொன்னானா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரே ஒரு வார்த்த. 'ஊக்கு இருக்கா'ன்னாவ. அப்பயிருந்து நானும் எங்க வீட்டுலயும் யோசிக்கோம். என்ன அர்த்தமா இருக்கும்? எதையோ சேத்து வைக்கச் சொல்லுதாவ. எனக்கும் எந் தம்பிக்கும் பேச்சு இல்ல, அதத்தான் சொல்லுதாவளோ?"

"சட்டையில பித்தான் போயிருக்கும்" என்றேன். "கொடுத்தீங்களா?"

"கொடுத்தேன். வாங்கிக் குத்திக்கிட்டாவ."

"பெறகு?"

"போயிட்டாவ."

"ஏன்யா விட்டிய? காலு ரத்தமா இருக்குன்னு சொல்லுதிய. ஒரு ஆளு இப்படிப் போறானே, எந்த ஊரு, ஆரு பிள்ளன்னு கேக்க வேண்டாமா?"

அவர் பயந்துபோனார். "சாமியத் தடுத்தா பாவம்லாம்மா."

அவரைத் திட்டி என்ன ஆகப் போகிறது. நல்ல மனுஷன். வடையும் கொடுத்தார், ஊக்கும் கொடுத்தார். என் தம்பியைப் பைத்தியம் என்று நினைத்திருந்தால் ஒருவேளை கையைப் பிடித்து ஓரத்தில் உட்கார வைத்திருப்பார். எந்தப் பக்கம் போனான் என்று கேட்டேன். ஆற்றைக் காட்டினார்.

அமாவாசைக்கு ஆற்றில் முழுகுகிறவர்கள் உடுத்தின துணியை அங்கேயே விட்டுப் போவார்கள். பீடை கழியும் என்று. கரை முழுக்கத் துணியாகக் கிடந்தது. வேட்டி, சேலை, பேன்ட், பிள்ளைகள் கவுன். தண்ணீரில் ஊறி, மண் ஏறி, கோரையில் சிக்கி. நான் குனிந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். கலர் தெரிந்தால் என் தையலா என்று பார்த்தேன். ஒட்டுச்சட்டை ஒன்று அதில் கிடந்தால் அதோடு எல்லாம் முடிந்தது. இடுப்பு விட்டுப்போகிறவரைக்கும் புரட்டினேன். குளிக்க வந்த ஒரு ஆள், "என்னம்மா, நல்ல சேல தேடுதியா?" என்றான். ஆமாம் என்றேன்.

சட்டை இல்லை.

ஊருக்குத் திரும்பியபோது பாதி முடிக்காரப் பெண் வந்திருந்தாள். விஷயம் கேள்விப்பட்டு வந்தாளாம். கையில் வெள்ளைப் பெயின்ட் டப்பா. "அழிச்சிடறேன்க்கா. என்னாலதான் எல்லாம்" என்று அழுதாள். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அழித்துவிட வேண்டும் என்று. ஆனால் ஏரல் ஆளை நினைத்தேன். எங்கே போனாலும் இவனைப் பார்த்ததும் அடையாளம் தெரிகிறது. அது இந்தச் சுவரால். அழித்துவிட்டால் அதுவும் இல்லை. போலீஸில் இருப்பது ரேஷன் கார்டுப் படம்.

"அழிக்காத. கீழ எழுது."

"என்னன்னுக்கா?"

"சாமியைப் பார்த்தால் உட்கார வையுங்கள். போக விடாதீர்கள். சோறு கொடுங்கள். இந்த நம்பருக்குப் பேசுங்கள்."

அண்ணாச்சி கடையை விட்டு வந்து நின்றார். "நீதானம்மா சாமி இல்ல, சாமி இல்லன்னு ஊரெல்லாம் சண்ட போட்ட?"

"இப்ப சொல்லுதேன், சாமிதான். தம்பின்னு எழுதினா எவன் நிப்பான்?"

அவர் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

எழுதினதைப் படம் பிடித்து ஆளாளுக்கு ஊரெல்லாம் அனுப்பினார்கள். அன்றைக்கே போன் அடிக்க ஆரம்பித்தது. சாமி வீடா என்பார்கள். ஆமாம் என்பேன். பார்த்தீர்களா என்பேன். பார்க்கவில்லை, ஒரு வேண்டுதல் என்பார்கள். வேலை, குழந்தை, வீட்டுமனை. ஒருவர் மாடு காணாமல் போய்விட்டது என்றார். எனக்குத் தம்பியைக் காணவில்லை அய்யா என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

ஆவணியில் நாங்குநேரியில் இருந்து ஒரு பெண் பேசினாள். ஹைவே ஓரம் இளநீர்க் கடை வைத்திருக்கிறவள். "சாமிய உக்கார வச்சிருக்கோம். வாங்க" என்றாள். சட்டை எப்படி என்றேன். பல கலரு என்றாள். கால் என்றேன். புண்ணு என்றாள். எனக்கு அதற்குமேல் கேட்கத் தெம்பில்லை. எலுமிச்சைச் சோறு கிளறினேன், அது அவனுக்கு இறங்கும். பஸ்ஸில் உட்கார முடியாமல் படியோரம் நின்றே போனேன்.

கடைக்குப் பின்னால் ஒரு அறை. வெளியே பூட்டு. வாசலில் பத்து இருபது பேர் தேங்காய் பழத்தோடு நின்றார்கள்.

"பூட்டு எதுக்கு?"

"எந்திரிச்சு எந்திரிச்சுப் போகப் பாத்தாவம்மா. நீங்கதான எழுதியிருக்கிய, போக விடாதீங்கன்னு. காலம்பற இருந்து விடவே இல்ல" என்று பெருமையாகத் திறந்தாள்.

பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு ஆள். கழுத்தில் மாலை. பேன்டுக்கு மேலே பூப்போட்ட நைட்டி, அதற்குமேல் இன்னொரு சட்டை. அறுபது வயதிருக்கும். பயத்தில் உட்கார்ந்தபடியே மூத்திரம் போயிருந்தார். ரெண்டு கையையும் தூக்கி என்னைக் கும்பிட்டார், அடிக்காதே என்கிற மாதிரி.

என் தம்பி இல்லை.

பின்னால் அந்தப் பெண் கேட்டாள். "சாமிதானம்மா?"

இல்லை என்று சொன்னால் அந்த நைட்டியோடு விரட்டுவார்கள். ஆமாம் என்றால் பூட்டி வைப்பார்கள். மாலையைக் கழற்றினேன். தண்ணீர் வாங்கி அவர் காலைக் கழுவினேன். எலுமிச்சைச் சோற்றைப் பிரித்து வைத்தேன். அள்ளி அள்ளித் தின்றார். முடித்துவிட்டு எழுந்து, என் பையை அவர் எடுத்துக்கொண்டு, "போலாமா?" என்றார்.

யாரோ வருவார்கள் என்று எத்தனை நாளாகக் காத்திருந்தாரோ. நான் அந்த ஆள் இல்லை.

எந்த ஊர் என்று கேட்டேன். "போலாமா" என்றார். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றேன். அதற்கும் அதேதான். பையை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கினேன். பையை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கினேன். வாசலில் நின்றவர்களிடம், "இவுக எந் தம்பி இல்ல. ஆனா இவுகளும் ஒரு வீட்டு ஆளு. சோறு கொடுங்க, பூட்டாதீங்க. ஸ்டேஷன்ல சொல்லுங்க" என்றேன்.

"அப்ப சாமி இல்லியா?" என்று தேங்காய் வைத்திருந்தவர் கேட்டார்.

இளநீர்க்காரி அவரை அதட்டினாள். "சாமியோ மனுசனோ, ஒரு வேளச் சோறு போட்டா கொறஞ்சா போவும்? அங்கிட்டுப் போரும்வே." அவளை நம்பி விட்டுவிட்டு வந்தேன். பஸ் கிளம்பும்போது அவர் ரோட்டுக்கு வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மூன்றடைப்பு தாண்டும்போது போன் அடித்தது. புது நம்பர். கூடங்குளம் பக்கத்தில் இருந்து பேசுவதாக ஒரு ஆண் குரல்.

"சாமி வீடாம்மா? இங்கன ஒருத்தர் வந்திருக்காவ. ஒட்டுச்சட்டதான். உள்ள வச்சுக் கதவப் பூட்டிரவா?"

பூட்டினால் இருப்பான். அது அவனாக இருந்தால்.

"பூட்டாதீங்க."

"தெறந்து விட்டா போயிருவாவளே."

"போனா, எந்தப் பக்கம் போனாவன்னு பாத்து வைங்க. நான் வாரேன்."